கூடுதல் விவரம்

எண்ணெய்க் கிண்ணம் கைக்கு வந்ததும் இலக்கியா அப்பாவின் நெற்றியில் மட்டும் தொட்டு வைத்துவிட்டு நகரப் பார்த்தாள். பெரியப்பா விடவில்லை.

"உச்சியில வை கண்ணு. மூணு தரம். பெத்த புள்ள இப்பிடியா வைப்பாங்க?"

எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் அப்பாவின் உடலைப் பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. உச்சியில் வைத்தாள். மூன்றாவது தரம் விரல் வழுக்கி வலது காதுக்குப் பின்னால் போனது. அங்கே அந்த வீக்கம் இருந்தது. நெல்லிக்காய் அளவு. நேற்று சாயங்காலம் அவரே அவள் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டியபோது இதில் பாதிதான்.

முடியை இழுத்து அதன்மேல் விட்டாள். அடுத்து சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டப் போவது பெரியப்பா. காப்பிச் செடி கவாத்து பண்ணிப் பண்ணிக் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல்களுக்கு ஒன்றும் தட்டுப்படக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்துப் பத்து மாதம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. இனி ஏணியில் கால் வைக்க மாட்டேன் என்று அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரும் அவரைக் கீழே உதிர்ந்த மிளகு பொறுக்கும் பெண்களோடு போட்டுவிட்டார். ஒற்றை மூங்கில் ஏணியில் முப்பதடி ஏறிப் பறித்த ஆளுக்கு அது வேலையா? நேற்று யாரும் பார்க்காத நேரம் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் மரத்தில் ஏணியைச் சாத்தி ஏறினார். பனியில் ஏணி வழுக்கியது. கல்லூரி விட்டு பஸ் இறங்கி வந்த மகளிடம் மட்டும் பாதையில் வைத்துச் சொன்னார்.

"பத்தடி கூட இல்ல சாமி. தல லேசா கல்லுல பட்டுச்சு, அவ்வளவுதான். அம்மாகிட்ட மூச்சு உடாத. உட்டீன்னா என்னைய ஊட்டுக்குள்ளயே கட்டிப் போட்ருவா."

ஆறு மணிக்குத் தலைவலி என்றார். ஏழு மணிக்கு வாந்தி. கடைசி பஸ் போயிருந்தது.

"ஜீப்பு சொல்லோணுமா, காலையில பாத்துக்கலாமான்னு அதுல கேளு கண்ணு" என்றாள் அம்மா மாதம்மாள்.

'அது' என்பது உடம்புக்கு ஏதாவது வந்தால் டாக்டர்களிடம் கேள்வி போடும் ஒரு தமிழ் இணையதளம். அம்மாவின் மூட்டுவலிக்கெல்லாம் அங்கேதான் கேட்பார்கள். சிக்னல் கிடைப்பது வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்மேல் மட்டும். அம்மாவும் கூடவே வந்து கல்லில் உட்கார்ந்தாள். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

தலைவலி, வாந்தி, இதய மாத்திரை என்று எழுதிக் கேள்வியைப் போட்டாள். நவீன் என்ற டாக்டர் பத்து நிமிடத்தில் பதில் எழுதிவிட்டார். விவரம் போதாது. எங்காவது விழுந்தாரா? தலையில் அடி பட்டதா? கூடுதல் விவரம் சேர்க்கவும்.

"உழுந்தாரான்னு எதுக்குக் கேக்கறான்?" அம்மா திரும்பினாள். "ஏனுங்க, எங்காச்சும் உழுந்தீங்களா?"

"உழுகறதுக்கு நான் என்ன கைக்கொழந்தையா? வாந்தியெடுத்தா உழுந்துட்டானாமா. நல்ல டாக்டரு!"

சிரித்தார். சிரித்துக்கொண்டே இலக்கியாவைப் பார்த்தார்.

'விழவில்லை' என்று அவள் எழுதினாள். வாய்விட்டுப் படித்தாள்.

அப்படியானால் காலையில் காட்டலாம், மறுபடி வாந்தியோ பேச்சில் குழறலோ இருந்தால் உடனே போங்கள் என்று பதில் வந்தது. அம்மா ஜீப் சொல்லவில்லை. அம்மா கண்ணயர்ந்ததும் வெளியே போய் உள்ளதைச் சேர்த்துவிடலாம் என்று இலக்கியா படுத்துக் கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பா குறட்டை விட ஆரம்பித்தார். என்றைக்கும் இல்லாத பெரிய குறட்டை. அசந்து தூங்குகிறார் என்று நினைத்தாள். பயம் போயிற்று. அவளும் தூங்கிவிட்டாள்.

விடியும்போது குறட்டை இல்லை.

"போன்லயே வைத்தியம் பாத்தா இப்பிடித்தான் ஆகும்" என்று வாசல் கூட்டத்தில் ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள்.

பெரியப்பா தோள்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "தண்ணி வரட்டும். அதுக்குள்ள அந்தப் போனக் கொண்டா கண்ணு. காலையில பாத்துக்கலாம்னு எழுதுன டாக்டரு பேரு எனக்கு வேணும். அடக்கத்த முடிச்சுட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். அவன உடப்போறதில்ல."

"கொண்டாரனுங்க பெரியப்பா."

வாய்தான் சொன்னது. போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

துவைக்கிற கல்மேல் ஏறி நின்றாள். கேள்வியை நீக்கிவிட்டால் போதும். நவீன் இல்லை, விழவில்லை என்ற வரி இல்லை, எதுவும் இல்லை. தளத்தைத் திறந்தாள். புதிதாக இரண்டு வந்திருந்தன. ஒன்று நவீன்: அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

அடுத்தது லூர்துராஜ் என்று யாரோ. இருபது நிமிடத்துக்கு முன்னால் எழுதியது.

'எங்க அப்பாவுக்கும் இதே தலைவலி, வாந்தி. இதே மாதிரி இதய மாத்திரை. நேற்று பாத்ரூமில் வழுக்கினார், லேசான அடிதான். பயந்துகொண்டிருந்தோம். இதைப் படித்ததும் நிம்மதி. இன்னும் நன்றாகத் தூங்குகிறார், குறட்டை விடுகிறார். எழுந்ததும் காட்டிக்கொள்கிறோம்.'

குறட்டை என்ற சொல்லை இலக்கியா மறுபடி படித்தாள்.

நீக்கு என்ற சிவப்பு எழுத்து மேலே இருந்தது. அதன் கீழே, கூடுதல் விவரம் சேர்க்க.

கீழே உள்ளதைத் தொட்டாள். விரலில் அப்பாவுக்கு வைத்த எண்ணெய். ஒரு எழுத்தைத் தொட்டால் வேறு எழுத்து விழுந்தது. பாவாடையில் துடைத்துத் துடைத்து எழுதினாள்.

'கூடுதல் விவரம். விழவில்லை என்று நேற்று எழுதியது பொய். அப்பா ஏணியிலிருந்து விழுந்தார். தலையில் அடி. எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அப்பா செத்துவிட்டார். டாக்டர் மேல் தப்பில்லை. லூர்துராஜ், உங்கள் அப்பாவை எழுப்பிப் பாருங்கள். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.'

அனுப்பினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். எழுதியது போய்ச் சேர்ந்தது.

"பெரியப்பா சத்தம் போடறாரு. இங்க நின்னு யாருக்கு எழுதற?"

அம்மா பின்வாசல் படியில் நின்றிருந்தாள், அப்பா நேற்று உட்கார்ந்த இடத்தில்.

"அம்மா..."

"நேத்தும் உன் மொகம் இப்பிடித்தான் இருந்துச்சு." கையை நீட்டினாள். "படிச்சுக் காட்ட வேண்டாம். குடு. நானே படிக்கறேன்."

கொடுத்தாள். அம்மா கல்லில் உட்கார்ந்து போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. கூ. டு. தல்.

வாசலில் முதல் குடம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

இரண்டாவது வரிக்கு வருவதற்குள் திரை மங்கியது. அம்மாவுக்கு அதை எப்படி நிறுத்துவதென்று தெரியாது. இலக்கியா விரலை நீட்டி ஓரத்தில் தொட்டாள். வெளிச்சம் வந்தது. உதடுகள் மறுபடி அசைந்தன. திரை மறுபடி மங்கியது. மறுபடி தொட்டாள்.