பேர் சொல்லிப் பூசிய சுவர்

தருமபுரியில் பென்னாகரம் ரோட்டில் இருக்கிற லேக் வியூ அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில், 3பி வீட்டு ஹாலில், அக்னி நட்சத்திரத்தின் நான்காம் நாள் பகல் இரண்டு மணிக்குப் பனி பெய்தது. மார்கழியில் புல்நுனியில் நிற்கிற பனியைச் சொல்லவில்லை; காலண்டரில் காஷ்மீர் படத்தில் இருக்குமே, அந்தப் பனி. அன்றைக்குச் சந்தையில் தக்காளி கிலோ பதினெட்டு, வெளியே வெயில் நூற்றி நாலு. ஜான் பீ சோபாவில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் வெள்ளையாக விழுந்ததைப் பார்த்து, சுவர் உதிர்கிறது, புது வீட்டுக்கே இந்த லட்சணம் என்று மகனை மனசுக்குள் திட்டினாள். தொட்டால் கரைந்தது. எழுந்துபோய் அலமாரியிலிருந்து புருஷனுடைய மப்ளரை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து, மிச்சக் காய்க்கும் நார் எடுத்தாள்.

காரணம் பெயிண்ட். மகன் சோஹைலுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வீடு அவன் வாங்கியது, ஆகவே ரசனையும் அவனுடையதாக இருந்தது. சொந்தமாக வீடு வாங்கியவர்களுக்கு ஒரு மூன்று மாதத்துக்கு வருகிற ஞானம் அவனுக்கும் வந்திருந்தது. காலி அறையில் ஒற்றை நாற்காலியைக் காட்டி மணிக்கணக்காகப் பேசுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கண்ணுக்கு ஓய்வு வேண்டும், சுவர் பேசக் கூடாது, வீடு மூச்சு விட வேண்டும் என்றான். கண்ணுக்கு ஓய்வு கொடுக்காத குற்றத்துக்காக ரோஜாப்பூ ஒட்டிய பீரோவும், மயில் தோகை விரித்த கால்மிதியும், பச்சை பிளாஸ்டிக் நாற்காலிகளும் கீழே பார்க்கிங்குக்கு இறங்கின. "வூடு மூச்சு வுடட்டும்பா. நாங்க எங்க உக்காந்து மூச்சு வுடறது?" என்று ஜான் பீ கேட்டதற்கு, சாம்பல் நிறத்தில் ஒரு சோபா வந்தது. பிறகு அவன் ஷேடு கார்டைப் பிரித்து, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாத நாற்பது வெள்ளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அதன் பெயர் ஆர்க்டிக் விஸ்பர். துருவத்துப் பனியின் கிசுகிசுப்பு என்று அர்த்தம் சொன்னான்.

பூசியவர் இண்டூர் அன்பு. இருபத்தைந்து வருடமாகச் சுவர் பூசுகிறவர், அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. டப்பாவைத் திறந்ததும் பிரஷ்ஷைத் தொடமாட்டார். சுவருக்கு நேராக நின்று, டப்பாவில் போட்டிருக்கிற பெயரை எழுத்துக் கூட்டி மூன்று தடவை உரக்கப் படிப்பார். சுவரிடம் சொல்லாமல் அதன்மேல் எதைப் பூசினாலும் ஒட்டாது என்பது அவர் கட்சி. மற்ற வீடுகளுக்கு பில்டர் கொடுத்த டப்பாக்களில் வெறும் நம்பர்தான் இருந்தது. நம்பரைக் கேட்ட சுவர்கள் நம்பர் மாதிரியே சும்மா நின்றன. 3பி சுவர் தன் பெயரைக் கேட்டது, நம்பியது, மூன்றாவது வாரத்தில் குளிர ஆரம்பித்தது. இதேபோல் பெயருள்ள டப்பா வாங்கிய இன்னொருவர், அபார்ட்மெண்ட் சங்கத் தலைவரும் ஓய்வுபெற்ற மேற்பார்வைப் பொறியாளருமான நஞ்சப்பன். அவருடையது ராயல் ஐவரி, அதாவது ராஜ தந்தம். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவர் வாய் திறக்கவில்லை. அவர் மனைவி மலர்விழி விடிகிற நேரத்தில் முறம் முறமாக எதையோ அள்ளிக்கொண்டு வந்து கீழே செடிகளுக்குப் போட்டதையும், அந்தச் செம்பருத்தி இரண்டாம் மாடி வரைக்கும் வளர்ந்ததையும் மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். லேக் வியூ என்கிற பெயரை மண்ணிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை போலிருக்கிறது, ஏரி வரவில்லை.

பனி விழுந்த செய்தி படியிறங்குவதற்குள் மொத்த அபார்ட்மெண்டும் படியேறி வந்தது. முதல் நாள் கும்பிட்டார்கள், இரண்டாம் நாள் செல்ஃபி எடுத்தார்கள், மூன்றாம் நாளிலிருந்து இட்லி மாவு கொண்டுவந்து வைத்தார்கள். புளிக்காத மாவும் வாடாத மல்லியும் 2ஏ பெரியவரின் இன்சுலினும் ஜான் பீயின் ஹாலில் வரிசை கட்டின. நஞ்சப்பன் ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். அது செல்சியஸில் பதினொன்று காட்டியது. கட்டடம் கட்டும்போது காற்றோட்டத்தைப் பற்றித் தான் சொன்ன ஆலோசனையின் விளைவே இது என்று விளக்கி, இயற்கைக் குளிர்சாதனக் குடியிருப்பு என்று வாட்ஸப்பில் ஒரு சுற்றறிக்கை விட்டார். 3பி சுவரின் நிறத்தை மாற்றுவது பொதுநலனுக்கு விரோதமானது என்று சங்கத்தில் தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பிறகு அவர் தினமும் சாப்பிட்ட கையோடு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, சாம்பல் சோபாவில் சாய்ந்து நாலு மணி வரைக்கும் பேப்பர் படித்தார், வாய்விட்டு.

ஜான் பீ குளிரைப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மகள் ஆஃப்ரினுக்கு ஆறு மாதம் முடியப்போகிறது. தலைப் பிரசவம், தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் கூட்டிவர நாள் பேசப்போனபோது காவேரிப்பட்டணத்துச் சம்பந்தியம்மா பிஸ்கட் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள், "மருமகள அனுப்பறதுக்கு ஒண்ணுமில்ல சம்பந்தி. பச்சப் புள்ளய ஐஸ் பெட்டியில வெக்க என்னால ஆவாது. மீனு வாங்குனாத்தான் ஐஸ்ல வெப்பாங்க." மகளுக்குப் பிரசவம் பார்க்க யோக்கியதை இல்லாத வீடு என்று ஒரு வீட்டுக்குப் பேர் வந்துவிட்டால் அதை எந்தப் பெயிண்ட்டும் மறைக்காது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜான் பீ வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சாமந்தித் தோட்டங்கள் மஞ்சள் மஞ்சளாக ஓடின. சுவரில் வேறு நிறம் பூசக் கூடாது என்றுதானே தீர்மானம், துணியைப் பற்றி ஒருத்தரும் தீர்மானம் போடவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் புருஷன் முகம்மது கவுஸ் கட்பீஸ் கடைக்காரர். கடை போடுவதற்கு முன்பு இருபது வருடம் ஏரியூர், பென்னாகரம் சந்தைகளில் தரையில் விரித்து விற்றவர். துணியை உதறி விரிக்கிறபோதே அதற்கொரு பெயர் வைத்துக் கூவுவார். பெயரைக் கேட்டுத்தான் ஜனம் திரும்பும். அரக்கு, பாக்கு, வெங்காயத்தோல் என்று ஊருக்குத் தெரிந்த பெயர்கள் போதாமல், ஈரத்தில் சாயம் போன பீஸைக்கூட மழையில் நனைந்த யானைக் கலர் என்று விற்றிருக்கிறார். வெள்ளைச் சுவருக்குள் வந்ததிலிருந்து மனிதர் பேச்சு குறைந்து, போர்வைக்குள்ளிருந்து டீ மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜான் பீ கடையில் விற்காமல் கிடந்த மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றி வந்து ஹாலில் இறக்கி, "ஆணி அடிச்சிருக்கேன், மாட்டுங்க" என்றாள். கவுஸ் முதல் துணியை எடுத்து உதறினார். உதறினதும் கை பழக்கத்தில் வாய் திறந்தது. "மொளகாப்பழச் செவப்பேய்" என்று சந்தைக் குரலில் கூவி, சுவரில் மாட்டினார்.

தெர்மாமீட்டர் பதினான்குக்கு ஏறியது. அடுத்த நிமிடம் வீட்டில் எல்லோரும் தும்மினார்கள். இரண்டு நாள் கண்ணெரிச்சல் தாங்காமல் அந்தத் துணியைச் சமையலறைக்கு மாற்ற, அங்கே குழம்புக்குத் தூள் போடுகிற செலவு நின்றது. அடுத்தது மாம்பழ மஞ்சள், சிவப்புக் கோலம் போட்டது. வீடு வெதுவெதுவென்று பதினேழுக்கு வந்தது, பாலக்கோடு மாம்பழ மண்டி மாதிரி மணத்தது, கூடவே ஈயும் வந்தது. கவுஸுக்கு முதுகில் சூட்டுக் கட்டி கிளம்பியது. மயில்கழுத்துத் திரையை பால்கனிக் கதவில் போட்ட சாயங்காலம் எங்கோ அகவல் கேட்டு, அந்த ஒரு பால்கனியில் மட்டும் தூறியது. துளசிக்குத் தண்ணீர் ஊற்ற நேரமில்லாத பக்கத்து வீட்டுக்காரி தன் தொட்டியைத் தூக்கி வந்து அங்கே வைத்தாள். ஜான் பீ பயப்படவில்லை. எந்தக் கலரை எங்கே வைத்தால் என்ன குணம் என்று, கறிக்கு மசாலா சேர்க்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. மல்லிகை வாட ஆரம்பித்தது, மாவு புளித்தது. சங்கத்தில் முணுமுணுத்தார்கள்.

தட்டிக் கேட்க வந்த நஞ்சப்பன் வழக்கமான இடத்தில் வழக்கம்போலச் சாய்ந்தார். முதுகுக்குப் பின்னால் புதுத் தலையணை, கிளிப்பச்சை உறை, நடுவில் சிவப்புக் கட்டம். "பாயம்மா, ரசனைன்னு ஒண்ணு இருக்கு, பாருங்க" என்று ஆரம்பித்தார். தலையணை ஜான் பீயின் குரலில் பேசியது: "இந்தாளு எப்பத்தான் எந்திரிச்சுப் போவானோ, உக்காந்த எடம் பள்ளமாயிருச்சு." நஞ்சப்பன் திரும்பிப் பார்த்தார். ஜான் பீ வாய் திறக்காமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அதே தலையணையில் சாய்ந்து மலர்விழி பேசிவிட்டுப் போயிருந்தாள். கிளி அதையும் மறக்கவில்லை. "எங்கூட்லயும் இதே கததாங்க. தூங்கறப்ப மட்டுந்தான் மனுசன்." அவர் ஸ்வெட்டரை எடுத்து மடித்தார். மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். தெர்மாமீட்டரைக் கழற்ற மறந்து இறங்கிப் போனார்.

ஏழாம் மாதம் ஆஃப்ரின் வந்தாள். விடுமுறைக்கு வந்த சோஹைல் வாசலிலேயே நின்றுவிட்டான். ஒரு சுவரில் கோலம், ஒரு சுவரில் கட்டம், கதவெல்லாம் பூ, கண்ணுக்கு ஒரு நிமிடம் ஓய்வில்லை. திட்ட வாயெடுத்தவன் வந்து உட்கார்ந்தான், சாய்ந்தான், மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பகலில் தூங்கினான். ஹால் இருபத்தாறில் நின்றது. ஆனால் உள்ளறையில், தொட்டில் கட்ட வேண்டிய மூலையில், எதைத் தொங்கவிட்டாலும் குளிர் விடவில்லை. துணிக்குப் பின்னால் சுவர் பிடிவாதமாகத் தன் பழைய பெயரைக் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தது. சொன்ன தேதிக்கு பதினெட்டு நாள் முன்னதாக ஆஃப்ரினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே கால் கிலோ. ஆஸ்பத்திரியிலேயே காதில் பாங்கு சொல்லி, வீட்டுக்கு வந்தார்கள். சம்பந்தியம்மா தொட்டில் மூலைச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள், எடுத்தாள். கோபப்படவில்லை. "ஏழாம் நாளு பேர் வெச்சுட்டு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடறேன் சம்பந்தி. நீங்களும் எவ்வளவோதான் பண்ணீங்க" என்றாள். அந்த இரக்கத்துக்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மூட்டையின் அடியில் ஒரே ஒரு துணி மிச்சமிருந்தது. பதினொரு வருடமாக விற்காத பீஸ். மாதுளை முத்தின் சிவப்பு மாதிரி ஆரம்பித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருப்பட்டிக்கும் விளக்கை மறைத்த விரலின் வெளிச்சத்துக்கும் நடுவில் எங்கோ போய் நின்றது. டிசைன் பூவா, மீன் செதிலா, நெருப்பா என்று சொல்ல முடியாது. கவுஸ் வாழ்க்கையில் பெயர் வைக்க முடியாமல் போன ஒரே துணி அதுதான். பெயர் இல்லாததைக் கூவ முடியாது, கூவாததை யாரும் வாங்குவதில்லை. ஏழாம் நாள் காலையில் ஜான் பீ அதைத் தொட்டில் மூலையில் ஆணியடித்து மாட்டினாள். "எதாச்சும் ஒரு பேரு சொல்லுங்களேன்" என்று புருஷனிடம் கெஞ்சினாள். அவர் துணிக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார், மூடினார். "வர மாட்டேங்குது ஜானு" என்றார்.

பத்து மணிக்குச் சொந்தக்காரர்கள் கூடினார்கள். குழந்தையைத் தாத்தா கையில் கொடுத்தார்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல் கவுஸ் அந்தத் துணிக்கு எதிரிலேயே நின்றார். காதோடு மெதுவாகச் சொல்ல வேண்டிய பெயர். ஆனால் எதிரில் விரித்த துணி, வாயில் ஒரு பெயர். இருபது வருடச் சந்தைப் பழக்கம் மனிதரைக் கேட்டுக்கொண்டா வரும். "சாதியா" என்று கூவினார், கீழே ரோட்டில் போன டவுன் பஸ்ஸுக்குக் கேட்கிற மாதிரி. "சாதியா, சாதியா." குழந்தை அழவில்லை, கண்ணைத் திறந்தது. துணி ஒரு தடவை உள்ளுக்கு இழுத்து வெளியே தளர்ந்தது, தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி. பூவோ செதிலோ அது துணியிலிருந்து சுவருக்கு இறங்கியது, மூலையைத் தாண்டியது, கூரையைத் தொட்டது, வெள்ளை பின்வாங்கிக்கொண்டே போய் வாசற்படியில் ஒரு சொட்டுத் தண்ணீராகி வடிந்தது. பிரியாணி டேக்ஸாவை இறக்க வந்தவன் அதைப் பிடித்தபடியே நின்றான். சம்பந்தியம்மா போய் சுவரில் உள்ளங்கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கைக்குழந்தையின் கழுத்தடியில் இருக்குமே, அந்தச் சூடு. வெகுநேரம் கையை எடுக்காமல் நின்றுவிட்டு, "நாப்பது நாளு முடியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றாள். ஜான் பீ சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அங்கே மிளகாய்ப்பழத் துணி தொங்குவதால் ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

சாதியா ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்குமாக வளர்ந்தாள். அவளுக்குத் தடுப்பூசி போட்ட அன்று காவேரிப்பட்டணத்தில் இருந்தாலும் 3பி சுவர் கொதித்தது. ஜான் பீ ஈரத்துணி போட்டு ஒற்றி எடுத்தாள். பல் முளைத்த மாதம் ஜன்னலோரம் வெள்ளையாக இரண்டு மேடு தட்டியது. அவள் சிரித்தால் டிசைன் அசையும். போனில் குரல் கேட்டாலே போதும். மாவு வைத்தவர்கள் ஃபிரிட்ஜ் வாங்கிக்கொண்டார்கள்.

நாலு வருடம் கழித்துக் கட்டடத்துக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க அன்புவைக் கூப்பிட்டார்கள். நஞ்சப்பன் தன் வீட்டுக்கு இந்தத் தடவை நம்பர் போட்ட டப்பாவே போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். 3பிக்கு வந்த அன்பு டப்பாவைத் திறந்து, சுவருக்கு நேராக நின்று, பெயரைப் படிக்க மூச்சிழுத்தவர் அப்படியே நிறுத்தினார். காதை வைத்துக் கேட்டார். டப்பாவை மூடினார். "இதுக்கு ஏற்கெனவே பேரு வெச்சாச்சுங்க தலைவரே. கூப்புட்டா திரும்பிப் பாக்குது" என்றார். நஞ்சப்பன் சங்கப் பதிவேட்டைப் பிரித்தார். வீட்டு எண், உரிமையாளர், சுவரின் நிறம் என்று அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மூன்று கட்டங்கள். சுவரைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மூன்றாவது கட்டத்தில் சாதியா என்று திருத்தமாக எழுதி, அடுத்த வீட்டுக்குப் போனார்.