தொப்பி மட்டும் மிதந்தது

கப்டன் சரபன் முப்பத்தொரு தடவை செத்தவன். மலை உச்சியிலிருந்து விழுந்திருக்கிறான், சுரங்கத்தில் புதைந்திருக்கிறான், ஒரு தடவை சர்க்கஸ் பீரங்கியில் வைத்தே சுட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் கடைசிப் பக்கத்தில் செத்துவிட்டு, அடுத்த மாதப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வருவான். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த உள்ளங்கை அகலப் புத்தகத்துக்காக நானும் அழகையாவும் பள்ளிக்கூடக் காலத்தில் மாதம் முழுக்கத் தவம் கிடந்தோம்.

நான் கண்டி டவுன்காரன். அப்பா நகரசபையில் கிளார்க், பிறகு நானும் அதே நகரசபையில் தண்ணீர் வரிப் பகுதியில் கிளார்க். அழகையா கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை மகன். அவனும் அப்பன் வேலைக்கே வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஹலீம் நானாவின் புத்தகக் கடைக்கு ஓடுவோம். மதராஸிலிருந்து கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து ரயிலில் ஏறி, சரபன் அங்கே வந்து இறங்குவான். ஹலீம் நானா எங்கள் இருவருக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருப்பார். அழகையா கலஹா பஸ்ஸின் பின் ஆசனத்தில் உட்கார்ந்து அன்றைக்கே முடித்துவிடுவான். மறுநாள் எனக்கு. மறுநாள் வரைக்கும் கதையைச் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். அவன் முகத்தைப் பார்த்தே பாதிக் கதையைக் கண்டுபிடித்துவிடுவேன்.

சரபன் சாகவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்கு அழகையா ஒரு சட்டம் வைத்திருந்தான். பிணத்தைக் காட்டினால்தான் சாவு. பிணம் கிடைக்கவில்லை என்றால் ஆள் எங்கேயோ இருக்கிறான், அடுத்த மாதம் வருவான். முப்பது புத்தகத்திலும் அந்தச் சட்டம் ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை.

முப்பத்தோராவது புத்தகம் ‘முதலைக் கோட்டையில் சரபன்’. கடைசிப் பக்கத்தில் வில்லன் கயிற்றை அறுக்கிறான். சரபன் கீழே பொங்கி ஓடும் ஆற்றில் விழுகிறான். தொப்பி மட்டும் மிதந்தது என்று முடிந்திருந்தது. அடுத்த மாதம் ஹலீம் நானா கையை விரித்தார். இந்தியாவிலிருந்து புத்தகம் இறக்குவதைக் கட்டுப்படுத்திவிட்டார்கள், இனி வருமோ வராதோ என்றார். பிறகு வரவேயில்லை. பதினெட்டு பத்தொன்பது வயதுக் காளைகள் இரண்டு பேர் அதற்காகச் சாப்பிடாமல் திரிந்தோம் என்றால் நம்புவீர்களா? திரிந்தோம். சேர்த்து வைத்த முப்பத்தொரு புத்தகமும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தன. எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டோடு எரிந்து போயின. மனிதர்கள் தப்பியதே பெரிசு என்றிருந்த நேரத்தில் புத்தகத்துக்காக அழுவதற்கு வெட்கமாக இருந்தது. அழகையாவிடம் மட்டும் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு வந்தது.

அழகையாவுக்கும் அங்கம்மாவுக்கும் ஒரே பிள்ளை, தனபால். பேராதனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒரு நாள் காலையில் கலஹா பஸ்ஸை மறித்து அவனை இறக்கி ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று கேட்டால் பார்த்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பஸ்ஸில் கிடந்த அவனுடைய குடையைக் கண்டக்டர் கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார். அவ்வளவுதான். பொலிசிலும் முகாமிலும் நாங்கள் ஏறாத வாசல் இல்லை, காட்டாத போட்டோ இல்லை. எங்கேயும் அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் மகாவலி ஆற்றில் தண்ணீரோடு உடல்களும் மிதந்து வந்தன. அதனால் நானும் அழகையாவும் ஆற்றங்கரையோரமாகவும் நடந்தோம். எதற்கு நடக்கிறோம் என்று இருவரும் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசி நாள் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அழகையா சொன்னான்.

“கொடை மட்டும் வந்திருக்குடா. தொப்பி மாதிரி. பொணம் கெடைக்கலையில்ல?”

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும்?

அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இருபது வருஷம் ஓட்டினான். வேலையில் ஓய்வு பெற்று, தோட்டத்தை ஒட்டிய துண்டுக் காணியில் வீடு கட்டிக்கொண்டு போனபோது, பழைய குவார்ட்டர்ஸுக்கு வந்தவனிடம் மகன் வந்து கேட்டால் வழி சொல்லச் சொல்லிவிட்டுத்தான் போனான். குடையை வருஷத்துக்கு ஒரு தடவை கடைத்தெருவில் கொடுத்துக் கம்பிக்கு எண்ணெய் போட்டு வைப்பான். மற்ற எல்லாக் காரியத்திலும் நல்ல புத்திசாலி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்குப் பதினைந்து வயது.

அங்கம்மாவுக்கு அப்படியில்லை. பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷம் கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இழுப்புக்கு மருந்து எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

“அண்ணே, அமாவாசைக்கு எல்லா வீட்டுலயும் செத்தவங்களுக்குப் படைக்கிறாங்க. எம் புள்ள எந்த வாசல்ல போயி நிப்பான்? நான் போறதுக்குள்ள அவனுக்கு ஒரு வாய்ச் சோறு வச்சிரணும். நீங்க சொன்னா அவரு கேப்பாரு.”

படைப்பதற்கு முன்னால் கருமாதி செய்ய வேண்டும். உடல் கிடைக்காத சாவென்றால் தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி உருவம் கட்டி, அதற்குக் கொள்ளி வைத்து, சாம்பலை ஆற்றில் கரைக்க வேண்டும். அதைத் தாய் செய்ய முடியாது, தகப்பன் கையால்தான் நடக்க வேண்டும். அவனோ உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கொள்ளி வைக்கச் சொல்கிறாயா என்று அவள் மேல் பாய்கிறானாம். சொல்கிறேன் தங்கச்சி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு இன்றைக்கு நாளைக்கு என்று மாதங்களைக் கடத்தினேன். இந்த விஷயத்தில் நான் சுத்தக் கோழை.

அந்தச் சமயத்தில்தான் என் சொந்தத் தங்கச்சி மகள் கலியாணத்துக்குத் திருச்சிக்குப் போனேன். மலைக்கோட்டைக்குப் பக்கத்து நடைபாதையில் ஒருவன் பழைய புத்தகங்களைக் குவித்துப் போட்டிருந்தான். சமையல் குறிப்புக்கும் சோதிடத்துக்கும் நடுவில் ஓர் அட்டைப் படத்தில் ஒரு கை துப்பாக்கியை நீட்டிக்கொண்டு தெரிந்தது. அந்தக் கையை நான் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன். இழுத்துப் பார்த்தேன். ‘மீண்டும் சரபன்’, இதழ் முப்பத்திரண்டு.

அங்கேயே நின்று அழகையாவுக்குப் போன் போட்டேன். அவன், திறக்காதே, கொண்டு வா, சேர்ந்து படிப்போம் என்று சின்னப் பையன் மாதிரிக் கெஞ்சினான். சரி என்றேன். ஆனால் லொட்ஜுக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் திறந்துவிட்டேன்.

சரபன் சாகவில்லை. முதல் பக்கத்திலேயே உயிரோடு எழுந்து வருகிறான்.

அப்போதுதான் எனக்கு அங்கம்மாவின் ஞாபகம் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. போன் போடாமல் இருந்திருந்தால் புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டிருக்கலாம். இனி அவன் விடமாட்டான். இதைப் படித்தால், பார்த்தாயா நான் சொன்னேனே என்பான். இன்னும் இருபது வருஷம் குடைக்கு எண்ணெய் போடுவான். அங்கம்மா அதுவரைக்கும் இருக்கமாட்டாள். முதல் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கை வரவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே பேராதனையில் கலஹா பஸ் ஏறினேன். வாசலில் அங்கம்மா நின்றாள். என் கையில் இருந்த புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சரபன் வருகிற செய்தியை அழகையா முன்பே சொல்லியிருப்பான். வைய வேண்டியதை எல்லாம் அந்தப் பார்வையிலேயே வைதுவிட்டு, சாயத் தண்ணி போட உள்ளே போனாள். எனக்கு அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

அழகையா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தான். புத்தகத்தை முதலில் மூக்கில் வைத்து மோந்து பார்த்தான். பிறகு முதல் பக்கத்தைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரிச் சத்தமாக வாசித்தான்.

“பாதாளம் நோக்கிப் பாய்ந்தான் சரபன்! அவன் கதை முடிந்ததா? இல்லை! நல்லவேளையாக, அவன் விழுந்த இடத்தில் ஒரு மீனவன் தன் வலையை விரித்து வைத்திருந்தான். உடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்த சரபன், வில்லனைத் தேடிப் புறப்பட்டான்.”

ஆற்றில் விழுந்தவன் உடையில் தூசி எப்படி வந்தது என்று பதினைந்து வயதில் நாங்கள் கேட்டிருக்கமாட்டோம்.

அழகையா பக்கத்தைத் திருப்பினான். இரண்டாம் பக்கத்தில் சரபன் குதிரைமேல் போய்க்கொண்டிருந்தான். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான். நடுவில் தாள் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் பிரித்துப் பார்த்தான். ஒட்டியிருக்கவில்லை. மீண்டும் வாசித்தான், இந்தத் தடவை சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைந்தது.

“இவ்வளவுதானாடா?”

“இவ்வளவுதான்.”

“நாப்பது வருசமா நான் எப்படி எப்படியோ நெனச்சுக்கிட்டு இருந்தேன். தண்ணிக்கடியில கொகை இருந்திருக்கும். வேர புடிச்சுக்கிட்டு ராத்திரி பூரா தொங்கியிருப்பான். எவனாச்சும் நல்ல மனுசன் இழுத்துக் கரையில போட்டிருப்பான்.” அவன் சொல்லிக்கொண்டே போனபோதுதான், அவன் பேசுவது சரபனைப் பற்றியல்ல என்று எனக்கு விளங்கியது. முதல் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினான். “வலை இருந்திச்சாம்.”

புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

“எம் புள்ளைக்கு எவன்டா வலை விரிச்சு வச்சிருந்தான்?”

வரும் வழியெல்லாம் அவனிடம் சொல்வதற்காக நான் கட்டி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுக்கும் அவசியம் இருக்கவில்லை. அவன் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தான். கண்ணாடியைக் கழற்றினான். குசினிப் பக்கம் பார்த்து, சாதாரணமாக, அரிசி வாங்கச் சொல்கிற குரலில் சொன்னான்.

“அங்கம்மா, பூசாரிகிட்டச் சொல்லிவிடு.”

உள்ளே கோப்பை ஏதோ விழுந்தது. பிறகு அங்கம்மாவின் ஒப்பாரி எழுந்தது. இருபது வருஷம் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தது. மகனே தனபாலு என்று அவள் எடுத்த எடுப்பில் அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து வாசலில் நின்றது. அழகையா அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அந்தக் கழிசடைப் புத்தகத்தை எழுதியவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷனுக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் என் சிநேகிதனுக்கு இன்றைக்கும் ஒரு மகன் இருந்திருப்பான். பக்கத்தில் அங்கம்மா அழுதுகொண்டிருக்கும்போது அப்படி நினைத்தது பாவம்தான், ஆனாலும் நினைத்தேன்.

ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் பேராதனைக்குப் பக்கத்தில் மகாவலிக் கரையில் காரியம் நடந்தது. பெண்கள் வரக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அங்கம்மா அதைக் காதில் வாங்கவேயில்லை. பூசாரி தர்ப்பைப் புல்லில் உருவம் கட்டினார். ஒரு குழந்தை அளவுக்குத்தான் வந்தது. அழகையா வீட்டிலிருந்து கொண்டுவந்த குடையை அதன் பக்கத்தில் படுக்க வைத்தான். கொள்ளி வைத்தான். புல் சீக்கிரம் எரிந்துவிட்டது. குடைக் கம்பிகள் மட்டும் சாம்பலில் கிடந்தன. அவற்றையும் சேர்த்து அள்ளி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரைத்தான். அங்கம்மா சோற்று உருண்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

இனி ஆற்றைத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், பார்த்தால் போகிற உயிர் நின்றுவிடும் என்று பூசாரி கண்டிப்பாகச் சொன்னார். அங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் போகிற ரோட்டைப் பார்த்து நடந்தாள். ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை.

அழகையா கொஞ்ச தூரம் நடந்தான். நின்றான். திரும்பி, தண்ணீரைப் பார்த்தான்.

பார்க்காதேடா என்று அதட்டத்தான் வாயெடுத்தேன். நானும் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.