பொட்டு வைத்த கண்

மழை ஓய்ந்த சரத்காலம் மைசூரின் மேல் மெல்ல வந்து அமர்ந்திருந்தது. பெய்து முடித்த மேகங்கள், உள்ளதெல்லாம் ஈந்துவிட்ட வள்ளல்களைப் போல வெளுத்து, அவசரமின்றி வானில் நின்றன. ஏரிக்கரை நாணல் பூத்து நரைத்திருந்தது. எட்டு இரவுகள் விளக்கேற்றிய ஊர், ஒன்பதாம் பகலில் தன் கருவிகளைக் கழுவிச் சந்தனமிட்டு அவற்றின் முன் கைகூப்பியது. உழைக்கும் இரும்புக்கும் ஒரு நாள் தெய்வமாகும் உரிமை உண்டு என்பது அங்கே வழக்கம்.

அவ்வூரின் ஹெப்பாள் பகுதியில் தடுப்பூசி மருந்துகளைக் காக்கும் குளிர்கிடங்கு ஒன்றின் பொறியாளரான சொர்ணலதா, அன்று காலை அவ்வழக்கத்தில் சிறிதும் குறைவைக்கவில்லை. ஓயாமல் ஓட வேண்டிய முதல் குளிரூட்டியை மட்டும் விட்டுவிட்டு, துணைக் குளிரூட்டிக்கு மாலையிட்டு, நாளை வரை ஓய்வு கொள்ளட்டும் என்று நிறுத்தினாள். தன் லேப்டாப்பைத் திறந்து, திரையின் உச்சியில் நடுநாயகமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அதைப் பையில் எடுத்துக்கொண்டு, மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் பஸ் ஏறினாள்.

மலையில் இறங்கிச் சற்று நேரத்தில் போன் அடித்தது. கிடங்கில் பணியில் இருந்த மஞ்சுநாத்.

“அக்கா, மெயின் மெஷின் நின்னுபோச்சு. ஏழு டிகிரி தாண்டிடுச்சு. ஏனு மாடோது, என்ன பண்றது?”

“ஸ்டாண்ட்பைய…” என்று தொடங்கியவள் நாவைக் கடித்துக்கொண்டாள். அந்தத் துணைக் குளிரூட்டியை நிறுத்தியவள் அவளே. மீண்டும் ஓட்டும் அனுமதியும் அவளிடமே இருந்தது. மஞ்சுநாத்தால் பார்க்க மட்டுமே முடியும். எட்டு டிகிரியைக் கடந்தால், ஹனூர், கொள்ளேகால் பக்கத்துக் குழந்தைகளுக்குப் போக வேண்டிய மருந்து அத்தனையும் பாழ். இருபது நிமிடம் தாங்கினால் அதிகம்.

பூக்கடைப் பலகை ஒன்றில் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள்.

சென்ற ஆண்டு வரை கிடங்கின் கணினிகளுக்கெல்லாம் ஒரே கடவுச்சொல். அது சுவரில் சாமி படத்துக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கும். அதை அறிந்த எவனோ எங்கிருந்தோ நுழைந்து மூன்று நாள் கிடங்கையே முடக்கினான். அதன்பின் சொர்ணலதா புதிய காவல் ஒன்றை அமைத்தாள். கிடங்கின் வாசல் இப்போது ஹெப்பாளில் இல்லை. எங்கோ தொலைவில், கிளவுடில் இருந்தது. உள்ளே இருப்பவன் என்பதற்காக எவனையும் அது நம்பாது. வருகிற ஒவ்வொரு முறையும் கருவியைக் கேட்கும், சொல்லைக் கேட்கும், முகத்தைக் கேட்கும். கேட்டபின்னும், வேண்டிய ஒரு கதவை மட்டுமே திறக்கும்.

கருவியை ஏற்றது. சொல்லை ஏற்றது. முகத்துக்கு வந்ததும், ‘நீங்கள் யாரென்று உறுதி செய்ய இயலவில்லை’ என்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி காட்டினாள். மறுபடி அதே விடை. மூன்றாம் முறையும் தவறினால் ஒரு மணி நேரம் வாசல் அடைபட்டுவிடும். அந்த விதியும் அவள் எழுதியதே.

“ஏழரை ஆயிடுச்சு அக்கா! பின்வாசல் ஏதாச்சும் வெச்சிருப்பீங்கல்ல? நீங்கதானே கட்டுனீங்க?”

“இல்ல மஞ்சு. வெச்சிருந்தா திருடனும் அதுலதான் வருவான்.”

சொல்லும்போதே அவள் உடல் சிலிர்த்தது. அச்சத்தையும் மீறிய ஒன்று உள்ளே எழுந்தது. தன் கையால் அமைத்தது, தன்னையே ‘யார் நீ’ என்று கேட்கிறது! கோயிலைக் கட்டிய சிற்பியும் வாசலில் செருப்பைக் கழற்றித்தானே ஆகவேண்டும். ஆண்டானென்றும் அடியானென்றும் பாராத அந்த நடுவுநிலையின் முன் அவள் சிறுத்து நின்றாள்.

பூக்கட்டிக்கொண்டிருந்த கடைக்காரி நஞ்சம்மா எட்டிப் பார்த்தாள். “என்ன கண்ணு, மொகம் வெளுத்துப் போச்சு?”

“இதுக்கு என்னைத் தெரியலையாம்மா. மூஞ்சியப் பாத்துதான் உள்ள விடும்.”

“எதுல பாக்கும்?”

“இங்க மேல, சின்னதா ஒரு கண்ணு இருக்கு…”

நஞ்சம்மா சிரித்தே விட்டாள். “நல்லாருக்குது போ! கண்ணு மேலயே பொட்ட அப்பி வெச்சுப்புட்டு, என்னைத் தெரியலையான்னா அது என்ன பண்ணும்?”

சொர்ணலதா விரல் நீட்டினாள். நீட்டிய விரல் நின்றது. பூசையில் இட்ட பொட்டை விஜயதசமிக்கு முன் அழிக்கலாகாது. “பொறுத்துக்கோ மாதேஸ்வரா” என்று முணுமுணுத்து, குங்குமத்தை வழித்தெடுத்து, முந்தானையால் அந்தச் சின்னக் கண்ணைத் துடைத்தாள். மூன்றாம் முறை முகம் காட்டினாள்.

வாசல் திறந்தது.

கிடங்கின் நூறு கதவுகளில் ஒன்றே ஒன்று. துணைக் குளிரூட்டியின் கதவு. பொத்தானை அழுத்தினாள். மலையுச்சியிலிருந்து கட்டளை கண்காணா வாசலைக் கடந்து, காடும் வயலும் தாண்டி ஹெப்பாளைச் சேர, ஓர் இமைப்பொழுதும் ஆகவில்லை.

“ஓடுது அக்கா! மாலையோட ஓடுது, கல்யாண மாப்பிள்ளை கணக்கா!” மஞ்சுநாத்தின் குரல் உடைந்து சிரித்தது. சிறிது பொறுத்துச் சொன்னான்: “ஏழே முக்கால்ல நின்னுச்சு… இப்ப ஏழரை. இறங்குது.”

வேலை முடிந்ததை அறிந்த வாசல் தானாகவே சாத்திக்கொண்டது. நாளை வந்தாலும் ‘யார் நீ’ என்றுதான் கேட்கும். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை.

லேப்டாப்பை மூடி, இரு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விரல் நுனியில் இன்னும் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, கோபுரம் இருந்த திசை நோக்கித் தலை தாழ்த்தினாள்.

நஞ்சம்மா ஒரு முழம் பூவைக் கிள்ளி அவள் கூந்தலில் சூட்டினாள்.

“நல்லா இரு கண்ணு. ஊசி போட்டுக்கற புள்ளைங்க அத்தனையும் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கட்டும். மாதேசன் காவல்.”