ஊதாத சங்கம்

செல்வா சித்தப்பா சிகரெட் பாக்கெட்டை அப்பாவின் சட்டைப் பையில் செருகிவிட்டு, பை துருத்திக்கொண்டு தெரியாதபடி மேலே மாலையை இழுத்துவிட்டார். ரூபேந்திரன் மாலையை நகர்த்திப் பாக்கெட்டை வெளியே எடுத்தான். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"எதுக்குலா எடுக்குற?"

"அப்பா விட்டுட்டாரு சித்தப்பா."

"உங்கப்பா விடாத நாளாடா? நீ பொறந்தப்ப விட்டாரு. எங்கப்பா செத்தப்ப விட்டாரு. விலை ஏறுனப்பல்லாம் விட்டாரு. பிடிச்சதத்தான் கூட வச்சு அனுப்பணும். அங்க போய் யாருகிட்ட கேப்பாரு?"

அங்கே கடை உண்டா இல்லையா என்று ரூபேந்திரனுக்குத் தெரியாது. அப்பா அர்ச்சுனன் பெட்டியின் பாதி திறந்த கண்ணாடி மூடிக்குக் கீழே எந்தப் பக்கமும் சேராமல் படுத்திருந்தார். நேற்று மதியம் தான் ஓட்டுகிற தொழிற்சாலை பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவர், டயர் ஓரமாக உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

வாசலில் கூடாரத்துக்குக் கீழே வழக்கம்போல ஒரு தட்டு வைத்திருந்தார்கள். வெற்றிலை, பாக்கு, மிட்டாய், வாய் பிரித்த சிகரெட் பாக்கெட். கோத்தா திங்கி ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். நல்லா இருந்த மனுசனுக்கு நெஞ்சு ஏன் அடைத்தது என்பதை, ஆளுக்கொன்று பற்றவைத்துக்கொண்டு ஆழமாக யோசித்தார்கள். விடையைச் சித்தப்பாதான் கண்டுபிடித்தார்.

"விட்டதாலதான் போனாரு. அத்தன வருசம் பொகையிலயே ஓடுன உடம்பு. திடீர்னு நிப்பாட்டுனா தாங்குமா? இவன்தான் போன்ல ஏதோ சிகரெட்ட விடுற சங்கத்துல சேத்துவிட்டான்."

எல்லோரும் ரூபேந்திரனைப் பார்த்தார்கள். பாவம், சின்னப் பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்கிற பார்வை. அப்பாவுக்கு ஒரே சமயத்தில் விட்டதால் மாரடைப்பும் விடாததால் சிகரெட்டும் எப்படிச் சேரும் என்று கேட்க நினைத்தான். கேட்டால் சாவு வீட்டில் கணக்குப் பேசுகிறான் என்பார்கள்.

அவனுடைய கால்சட்டைப் பையில் அப்பாவின் போன் அதிர்ந்தது. கோடு போட்டுத் திறக்கிற பூட்டு. என்ன கோடு என்று அப்பா யாருக்கும் சொல்லவில்லை. பூட்டிய திரையில் செய்திகள் மட்டும் வந்து வந்து போயின.

'ஊதாத சங்கம்: அர்ச்சுனன் அண்ணே, இன்னிக்கு ஏன் வணக்கம் போடல?'

'ஊதாத சங்கம்: வழுக்கிட்டீங்களா அண்ணே? பரவால்ல. நாங்க திட்ட மாட்டோம்.'

'ஊதாத சங்கம்: மனச தளர விடாதீங்க. நாளைக்குப் புதுசா ஆரம்பிக்கலாம்.'

பதில் போட வழியில்லை. அழைத்துச் சொல்ல யாருடைய நம்பரும் இல்லை. ஊர் முழுக்க அப்பா இறந்துவிட்டார். அந்தச் சங்கத்தில் மட்டும் எங்கேயோ ஒளிந்து நின்று ஊதிக்கொண்டிருந்தார்.

மதியம் பூச்சட்டிகள் ஏற்றிய சின்ன லாரி ஒன்று கூடாரத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டிவந்தவரும், நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவரும் இறங்கினார்கள். ஓட்டிவந்தவர் கையில் ஒரு பை குவாச்சி விதை, சிகரெட் ஆசை வந்தால் கொறிப்பதற்கு.

"தம்பி, இது அர்ச்சுனன் அண்ணன் வீடா?"

"ஆமா."

"நான் லெட்சுமணன். ஊரு ஆயர் ஈத்தாம். இவங்க சாருமதி அக்கா, சிகாமட்டுல தையல் கடை வச்சிருக்காங்க. சங்கத்துலேர்ந்து வரோம். அண்ணன் ஒரு நாளா சத்தமே இல்ல. சத்தம் இல்லன்னா வீட்டுக்கே போயிரணும், அது அண்ணன் போட்ட சட்டம். எங்க இருக்காரு?"

ரூபேந்திரன் உள்ளே கை காட்டினான்.

லெட்சுமணன் அப்போதுதான் கூடாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாற்காலிகளை. குவாச்சிப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாலைகளோடு சேர்த்து வைத்தார். சாருமதி செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அவர்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தான். காலையிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டான்.

"அக்கா, அப்பா நெசமாவே விட்டுட்டாரா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சங்கத்துல சொன்னத வெளிய சொல்லக்கூடாது தம்பி," என்றார் சாருமதி.

"அவரே இல்லையேக்கா."

"தீபாவளிக்கு ஒண்ணு பிடிச்சாரு. அன்னிக்கே எழுதிட்டாரு. நாங்க கெளம்பி வரோம்னோம். வேணாம், மிச்சத்த ஆத்துல போட்டுட்டேன்னாரு. அதுக்கப்புறம் இல்ல."

"பாத்தியா!" கதவோரம் நின்ற சித்தப்பாவின் குரல். "அது நான் கொடுத்தது. ஒரு வார்த்த சொல்லல, வாங்கிப் பிடிச்சாரு. விட்டுட்டாராம்ல."

ஒரு சுத்தமான பதிலுக்குத்தான் ரூபேந்திரன் ஆசைப்பட்டான். ஆம் என்றால் சித்தப்பாவின் முகத்தில் அடித்தாற்போல் சொல்லலாம். இல்லை என்றால் பாக்கெட்டை வைக்க விட்டுவிட்டு ஓரமாய்ப் போய் உட்காரலாம். அப்பா உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். எதிலும் முழுசாக ஒரு பக்கம் நிற்க மாட்டார். அவனுக்கு அப்பா மேலேயே கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்வது, அதைக் கேட்க வேண்டியவர் கூடத்தில் படுத்திருந்தார்.

சடங்குகள் முடிந்தன. வாய்க்கரிசி போட்டார்கள். ரூபேந்திரன் குடத்தோடு சுற்றி வந்து நிமிர்ந்தபோது பாக்கெட் மறுபடியும் சட்டைப் பையில் இருந்தது. அவன் கையில் ஈரம், தோளில் துண்டு, சுற்றிலும் கூட்டம். அம்மா தனலெட்சுமி பாயில் அமர்ந்து யாரையும் பார்க்காமல் இருந்தாள். வெளியே வேன் உறுமிக்கொண்டிருந்தது.

"வேற யாராச்சும் பூப்போடணுமா? மூடப்போறோம்," என்றார் சடங்கு செய்துவைத்த பண்டாரம்.

லெட்சுமணன் முன்னால் வந்தார். பூவைப் போட்டார். அதே கையால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டார்.

"யோவ், நீ யாருய்யா?" என்றார் சித்தப்பா.

"ஊதாத சங்கம்ணே."

"அதுக்கு?"

"என்கிட்டயும் அண்ணன் இப்படித்தான் எடுத்தாரு. கடைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பிடிச்சிக்கிட்டு இருந்தேன். இங்கேர்ந்து மோட்டார் சைக்கிள்ல வந்தாரு, மழையில. திட்டல. பாக்கெட்ட வாங்கிக்கிட்டு பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. ஆசை அடங்குற வரைக்கும் ஒரு பேச்சும் இல்ல."

சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அப்பாவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார். பாக்கெட்டை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். சாருமதியும் ஒரு நாற்காலி எடுத்துவந்தார்.

பண்டாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சுடலையில நேரம் குடுத்திருக்காங்கம்மா. லேட்டானா அடுத்த ஆள ஏத்திருவாங்க."

சித்தப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா பேசினாள்.

"ரூபேன், வேன்காரர இருக்கச் சொல்லு."

"எவ்வளவு நேரம்மா?"

"இருக்கச் சொல்லு."

அவன் போய்ச் சொன்னான். திரும்பி வரும்போது கூடாரத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அப்பாவின் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தான்.  சித்தப்பா கதவில் சாய்ந்துகொண்டார்.

வேனின் இஞ்சின் நின்றது. நேற்று மதியத்திலிருந்து மடக்கியே வைத்திருந்த காலை அம்மா மெல்ல நீட்டிக்கொண்டாள்.