பட்டு நூல் கட்டிய பாசி

சாமுவேல் வாத்தியாருக்குச் சுத்தம் என்றால் உயிர். கல்யாணமான மூன்றாம் நாளே மனைவி லில்லி கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்து, நாலு அந்துருண்டை போட்டு மூடியவர். ஆள் தங்கம்தான். ஆனால் கண்ணுக்கு அழுக்காகப் பட்ட எதையும் விட்டுவைக்கமாட்டார். அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாசம் அவர் கண்ணில் பட்டது குட்டை.

செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றுக்கு இறங்கும் வண்டிப்பாதையில் அவர்கள் காலனி. நாற்பது வீட்டுக்கும் குடிக்க, சமைக்க அந்த ஒரு குட்டைதான். அதை வெட்டியவர்களில் லில்லியின் மாமியார் மேரியும் ஒருத்தி. அதற்கு முன்னால் காலனிப் பெண்கள் ஊருக்குள் போய், கண்ணாயிரம் வீட்டுக் கிணற்றடியில் நிற்கவேண்டும். கயிற்றைத் தொடக்கூடாது. யாராவது மனசு வைத்து இறைத்து உயரத்திலிருந்து ஊற்றினால், குடத்தை நீட்டிப் பிடித்துக்கொள்ளலாம். சாமுவேலை வயிற்றில் சுமந்துகொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அப்படி நின்றுவிட்டு வந்த பிறகுதான் மேரி மண்வெட்டியைத் தூக்கினாள்.

அந்தக் குட்டையில் அடியிலிருந்து மேல்வரைக்கும் வேலம்பாசி மண்டிக் கிடந்தது. குடம் முக்கினால் இலை ஒட்டிக்கொண்டு வரும். வாத்தியாருக்குப் பொறுக்குமா? இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்த கையோடு காலனி ஆண்களைத் திரட்டி, கயிறும் கொக்கியும் போட்டு, வேரோடு இழுத்துக் கரையில் ஆள் உயரம் குவித்துவிட்டார். தண்ணீர் பளபளவென்று இருந்தது. ஆளுக்கு ஆள் அவரைப் பாராட்டினார்கள்.

லில்லிக்கு அது சரியாகப் படவில்லை. அவள் திருமுக்கூடல்காரி. அப்பா ஆற்று மடுவில் கூடை போட்டு மீன் பிடிப்பவர். பாசி நிற்கிற இடத்தில்தான் அங்கே குடம் முக்குவார்கள். வேர் சேற்றைப் பிடித்துவைக்கும், தண்ணீரைக் கெடுக்கிற சத்தையெல்லாம் தண்டு தின்றுவிடும். இதைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். எட்டாவது படித்தவள், வந்து இரண்டு மாசம், எதிரே நாற்பது வீட்டு ஜனம், நடுவே ட்ரெயினிங் முடித்த புருஷன். எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

பத்து நாளில் காற்றடித்தாலே குட்டை கலங்கியது. மாசி பிறக்கும்போது பச்சைச் சாயம் கரைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. விடியற்காலையில் கெண்டை மீன் செத்து மிதந்தது. வாத்தியார் படிகாரம் போட்டார், சுண்ணாம்பு போட்டார், தேற்றாங்கொட்டை உரசி ஊற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார்கள்.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்த சாமுவேல், கண்ணாயிரத்தின் மனைவி கிருஷ்ணவேணி மேலிருந்து ஊற்ற, கீழே தன் அம்மா குனிந்து குடத்தை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். லில்லி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இனியும் சொல்லாமல் இருந்தால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது அவளுக்கு.

"அந்தப் பாசிய எடுக்கக் கூடாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியுங்க. பயந்துக்கினு சொல்லல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார்.

"ஆறு வருஷமா இந்தக் குட்டையிலேர்ந்துதான் பாசி எடுத்துக்கினு போறேன் லில்லி. கிளாஸ்ல வெச்சி, புனல் கவுத்து, காத்து முட்டை முட்டையா வருது பாருங்கன்னு பசங்களுக்குக் காட்டறேன். குட்டைக்குள்ள அது இன்னா பண்ணிக்கினு இருக்குதுன்னு ஒரு நாள் யோசிக்கல."

லில்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து அவளாகப் பிடித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் பஸ் ஏறிப் பழைய சீவரத்தில் இறங்கி, மணலில் நடந்து ஆற்றைத் தாண்டித் திருமுக்கூடல் சேர்ந்தார்கள். லில்லியின் அப்பா மடுவில் இறங்கி இரண்டு கோணி நிறையப் பாசி எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது கோணி சொட்டச் சொட்ட, கண்டக்டரிடம் வாங்கிய வசவை வாத்தியார் பாடம் கேட்கிற பையன் மாதிரி கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

குட்டைக்கு வந்ததும் எல்லாவற்றையும் நடுவில் கொண்டுபோய்ப் போடலாம் என்றார். இந்தத் தடவை லில்லி வாயை மூடவில்லை. பச்சைத் தண்ணீரில் வெளிச்சம் அடிக்குப் போகாது, போட்டதெல்லாம் அழுகும், கரையோரம் முழங்கால் தண்ணீரில் வைத்தால் அதுவே உள்ளே நகர்ந்துகொள்ளும் என்றாள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டுக்கு அவள் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பவள். மிஞ்சும் கழிவுப் பட்டு நூல் ஒரு பை சேர்ந்திருந்தது. அந்த நூலால் பாசியை ஓட்டுத் துண்டில் கட்டி, ஒவ்வொன்றாகச் சேற்றில் அழுத்தினார்கள். குட்டைக்குக் கல்யாணமாம், பட்டுக் கட்டுகிறார்கள் என்று காலனியே சிரித்தது. எருமையும் வாத்தும் இறங்காமல் முள் வெட்டிப்போட்டார் வாத்தியார்.

பாதி அழுகித்தான் போனது. சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றி இறங்க, அடிச்சேற்றுக்கு வெளிச்சம் எட்டியது. மிச்சமிருந்தது பிடித்துக்கொண்டது. சாமுவேல் தினமும் காலையில் எழுந்ததும் குட்டையைப் பார்த்துவிட்டு வந்து, இன்றைக்கு ஒரு சாண் கூடியிருக்கிறது என்பார். ஆனால் அத்தனை மாசமும் மேரி, லில்லியை அனுப்பாமல் தானே கிணற்றடிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். மகனையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மருமகளையும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று லில்லி ஏங்கினாள்.

ஆடியில் இரண்டு மழை பெய்து குட்டை ஏறியது. ஒரு காலை மேரி, லில்லியையும் கூட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பார்த்தாள். தண்ணீருக்கடியில் அவளுடைய பத்து கால்விரலும் தெரிந்தன. ஒரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு குடத்தை நிரப்பி மருமகள் இடுப்பில் ஏற்றிவைத்தாள்.

"உனக்கு மொதல்லயே தெரியுமாமே. அவன் சொன்னான்."

லில்லி ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்கும் தெரியும்மா. குட்டை வெட்டின வருஷம் ஆத்துலேர்ந்து அந்தப் பாசிய கொணாந்து போட்டவளே நான்தான். புள்ள வாத்தியாராச்சே, அத்தினி பேரு எதுர்ல அவன் பேச்ச எப்படித் தட்டறதுன்னு சும்மா இருந்துட்டேன். அந்தத் தப்புக்குத்தான் உன்னை அனுப்பாம நானே அந்தக் கெணத்தண்ட போயி நின்னுக்கினு இருந்தேன்."

லில்லிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. மேரி முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். இதையெல்லாம் அவனிடம் சொல்லவேண்டாம், மனசு ஒடிந்துபோவான் என்றாள்.

"சொல்லத்தான் போறேன் அத்தே," என்றாள் லில்லி.

மேரி அவள் இடுப்புக் குடத்தை நேராக்கினாள். பிறகு, "சரி, சாப்பிட்டப்புறம் சொல்லு," என்றாள்.