ஒரு நாள் கூடுதலாக

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில், நாலு கட்டில் போட்ட ஓர் அறையில் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். முதல் மாதம் குளியலறைக்குச் சண்டை, ரெண்டாவது மாதம் ஜன்னலுக்குச் சண்டை. மூணாவது மாதத்திலிருந்து ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்குச் சோறு இறங்காது என்றாகிவிட்டது. அந்த நாலு பேரில் ஓயாமல் பேசுகிறவளுக்கு ரேடியோ என்று பேர். மற்றவர்களுக்குப் பேர் வைத்தவளும் அவள்தான். மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவள் மாத்திரை. கணக்கு சொல்லிக்கொடுக்கப் போனவள் டீச்சர். பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தவள் மாஸ்டர்.

கல்யாணம், குழந்தை, மாற்றல் என்று ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். மூணு பேர் ஒரே ஊரில் தங்கிவிட, ரேடியோ மட்டும் தண்ணீர்ப் பம்பு ரிப்பேர் பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு நாட்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். போனில் பேச்சு நின்றதில்லை. நேரில் பார்த்துத்தான் ஒன்பது வருஷமாகியிருந்தது.

ஒருநாள் மத்தியானம் மாத்திரைக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"எத்தனை வருஷமா சொல்லிட்டே இருக்கோம், கார்லயே ஊர் சுத்தணும்னு? மாஸ்டர்கிட்டத்தான் வண்டி இருக்கே. கிளம்பி வாங்கடி மூணு பேரும். பஸ்சு, ரயிலு எல்லாம் வேணாம். கார்லயே, ஒவ்வொரு ஊரா இறங்கிப் பார்த்துட்டு வாங்க."

"கடையை யாருடி பார்த்துக்கிறது?"

"நீ செத்தா யாரு பார்த்துப்பாங்களோ, அவங்களே பார்த்துக்கட்டும்."

மாத்திரை சிரித்துவிட்டாள். சொந்தக் கடை வைத்துப் பதினோரு வருஷம். புருஷன் போனபிறகு கடையே வீடு. இந்தப் பதினோரு வருஷத்தில் ரெண்டே தடவைதான் அவள் ஷட்டரைச் சேர்ந்தாற்போல் சில நாள் இறக்கியிருக்கிறாள், ரெண்டும் சாவுக்கு. தம்பி பொண்டாட்டியும் மருந்துப் படிப்பு படித்தவள். "பத்து நாள் நான் உட்காந்துக்கறேன் அண்ணி, போய்ட்டு வாங்க" என்றாள். அதற்குமேல் சாக்குச் சொல்ல மாத்திரையிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மூணு வாரத்தில் கிளம்பிவிட்டார்கள். நாலு நாள் பயணம். டீச்சர் எந்த ஊரில் எத்தனை மணி, எங்கே தங்கல் என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள். மாஸ்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுக்குப் போற நேரம் விட்டுப்போச்சே" என்றாள். மாத்திரை பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டாள். ஊர் எல்லை தாண்டியதும் அவளுக்கே காரணம் தெரியாமல் கண்ணில் தண்ணி வந்தது. காற்று பட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ரேடியோ கூப்பிடுவாள். மாஸ்டர் போனை ஸ்பீக்கரில் போட்டு கியர் பக்கத்தில் வைப்பாள்.

"இன்னிக்கு என்ன பார்த்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னார்கள். கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த வயல். பாலத்துக்குக் கீழே கலங்கி ஓடிய ஆறு. பெட்ரோல் போடும் இடத்தில் டீச்சர் தப்பாக வேறொருத்தர் காரில் ஏறி உட்கார்ந்து, அந்த ஆளிடம் "ஏசியை கொஞ்சம் குறைடி" என்று சொன்ன கதை. ரேடியோ சிரித்தாள், சிரிப்பு இருமலானது.

"என்னடி தொண்டை?"

"சளி. நீங்க பேசுங்க. ஆத்துத் தண்ணி என்ன கலர்ல இருந்துச்சு?"

போனை வைத்தபிறகு டீச்சர் சொன்னாள்: "கவனிச்சீங்களா, ரேடியோ நம்மளைப் பேசவிட்டுக் கேக்குறா. இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் காது முளைச்சிருக்கு."

மூணு பேரும் சிரித்தார்கள்.

மூணாம் நாள் மலையேறி இறங்கியதும் ஓர் ஏரி வந்தது. டீச்சரின் தாளில் அங்கே ராத்தங்கல் மட்டும்தான். தங்கும் விடுதி தண்ணீரை ஒட்டியே இருந்தது. மாத்திரை செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். சின்ன மீன்கள் வந்து குதிகாலைக் கடித்தன. மருந்துப்பெட்டி வாசனையும் டியூப்லைட் வெளிச்சமும் இல்லாத ஓர் இடத்தில் தன் உடம்பு இருக்கிறது என்பதே அவளுக்கு நம்பும்படியாக இல்லை.

"நாளைக்கு ஒரு நாள் இங்கேயே இருக்கலாமா?" என்று கேட்டாள். அவள் வாயைத் திறந்து தனக்கென்று ஒன்று கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. மாஸ்டர் உடனே சரி என்றாள். டீச்சர் தாளைப் பார்த்தாள்.

"ரேடியோ காத்துட்டிருப்பாளே."

"ஒருநாள்தானே. நானே கேக்கறேன்."

அன்றைக்கு ஆறு மணி போனில் மாத்திரைதான் பேசினாள். ஏரியைச் சொன்னாள், மீனைச் சொன்னாள், பேசப்பேசச் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். "நாளைக்கு வராம நாளன்னைக்கு வந்தா கோச்சுப்பியாடி?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று மாத்திரை போனைப் பார்த்தாள்.

"இருங்கடி" என்றாள் ரேடியோ. "நல்லா இருந்துட்டு வாங்க. தண்ணில இறங்கு. கரையில உட்காந்து காலை மட்டும் நனைக்காத, இறங்கிக் குளி."

மறுநாள் மாத்திரை ஒன்பது மணிவரை தூங்கினாள். நீச்சல் தெரியாவிட்டாலும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முங்கி முங்கி எழுந்தாள். வாடகைப் படகில் மூணு பேரும் போய், திரும்பத் துடுப்புப் போடத் தெரியாமல் நடு ஏரியில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அன்று ஆறு மணிக்கு போன் வரவில்லை. இவர்களே கூப்பிட்டபோது ரேடியோவின் புருஷன் எடுத்தார்.

"தூங்கறாம்மா. நாளைக்கு வந்துடுவீங்கல்ல?"

"மத்தியானத்துக்குள்ள வந்துடுவோம் அண்ணா."

"பார்த்து வாங்க" என்றார்.

விடிந்ததும் கிளம்பினார்கள். எட்டு மணி நேர ஓட்டம். தெருவுக்குள் வண்டி திரும்பியபோதே மாஸ்டர் வேகத்தைக் குறைத்துவிட்டாள். ஒரு வீட்டு வாசலில் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். படியோரம் இருபது முப்பது ஜோடிச் செருப்பு.

"நம்பர் சரியா பாரு" என்றாள் மாஸ்டர்.

டீச்சர் பார்த்தாள். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் ரேடியோவின் நாத்தனார் நின்றிருந்தாள். இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். மாஸ்டரின் தோளில் வெயில் சுட்டுத் தோலுரிந்திருந்தது. மாத்திரையின் கையில் ஏரிக்கரையில் ரேடியோவுக்காக வாங்கிய ஓலைத் தொப்பி இருந்தது.

"காலையில அஞ்சு மணிக்குப் போச்சு உசிரு" என்றாள் நாத்தனார். "நேத்து வந்திருந்தா பார்த்திருக்கலாம். சாயங்காலம் கொஞ்சம் தூங்கி எழுந்து, ராத்திரி எட்டு மணி வரைக்கும் நல்ல நினைவோட வாசலையே பார்த்துட்டிருந்தா."

மாத்திரைக்கு முதலில் அந்தச் சொற்களின் அர்த்தம் பிடிபடவில்லை. ஆளை மாற்றிச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தாள். உள்ளே போனபிறகு மாற்றிச் சொல்லவில்லை என்று தெரிந்தது. கட்டிலில் இருந்தது ரேடியோவின் மூக்கு, ரேடியோவின் நெற்றி. மற்றதெல்லாம் யாரோ. ஒரு சிறுமியின் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தாள். டீச்சர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். மாஸ்டர் சுவரோடு சுவராக நின்றாள். மாத்திரைக்கு மட்டும் அழுகை வரவில்லை, தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோவின் புருஷன் வந்தார். தாடி வளர்ந்து, கண் சிவந்து கிடந்தது.

"நீங்க வர்ற வரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு நான்தான் நிறுத்தி வச்சேன். வழியில சொல்லலை. வண்டி ஓட்டிட்டிருக்கறவங்களுக்கு எப்படிம்மா சொல்றது?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றாள் மாஸ்டர். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பறந்து வந்திருப்போமே."

"ஏழு மாசமா இந்த வியாதி இருந்துச்சு. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. சொன்னா பழத்தோட வந்து கட்டிலைச் சுத்தி அழுதுட்டு உட்காந்திருப்பாளுங்க, எனக்கு அந்த மூஞ்சி வேண்டாம்னா. ஊர் சுத்திட்டு வர்ற மூஞ்சிதான் வேணும்னா."

அடக்கம் முடிந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மூணு பேரும் ரெண்டு நாள் இருந்து வீட்டை ஒழுங்கு செய்தார்கள். ரேடியோ படுத்திருந்த அறையை மாத்திரை தானே ஏற்றுக்கொண்டாள். தலைமாட்டு அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரே ஒரு மாத்திரை அட்டைதான் இருந்தது. பெரிய வலிக்குக் கொடுக்கிற மாத்திரை, எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அவள் கடையிலும் கொடுப்பாள்.

அட்டையில் இருந்த மருந்தின் பேரைப் படித்ததும் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பயணத்துக்குக் கூப்பிட்ட அதே போன். கடையில் கூட்டமாக இருந்தது. ரேடியோ முதலில் இதைத்தான் கேட்டிருந்தாள்: "பக்கத்து வீட்டு அம்மாவுக்கு டாக்டர் மத்த மருந்தெல்லாம் நிறுத்திட்டு இதை மட்டும் எழுதியிருக்காரு. என்னத்துக்குடி இது?" மாத்திரை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் யாருக்கோ இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தபடியே சொன்னாள்: "அப்படின்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம். வலி தெரியாம வச்சிருப்பாங்க. பாவம், ரொம்ப நாள் இல்ல. ஒரு மாசம், மிஞ்சிப்போனா ஒன்றரை."

"அப்படியா?" என்று கேட்டாள் ரேடியோ. அதற்குப் பிறகுதான், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், கிளம்பி வாங்கடி என்றாள்.

மாத்திரை அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. ரேடியோவின் புருஷன் வந்து எட்டிப் பார்த்தார். அவரிடம் சொன்னாள், ஒளிக்காமல் எல்லாவற்றையும்.

அவர் அந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "டாக்டர் எங்களுக்கு நேரா சொல்லவேயில்லை. பார்ப்போம், பார்ப்போம்னே சொல்லிட்டிருந்தாரு" என்றார் பிறகு. "அன்னிக்கு சாயங்காலம் என்கிட்ட சொன்னா, மாத்திரைகிட்ட கேட்டுட்டேன், அவ பொய் சொல்ல மாட்டான்னு."

"ஏரியில இருக்கவான்னு கேட்டேனே அண்ணா. வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"போனை வச்சுட்டு, இவ இவ்வளவு சந்தோஷமாப் பேசிக் கேட்டதே இல்லைன்னு சொன்னா." அவர் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்புறம் கொஞ்சம் அழுதா. உன்கிட்ட எதுக்கு மறைக்கணும்? அழுதா."

திரும்பும் வழியில் மூணு பேரும் எங்கும் இறங்கிப் பார்க்கவில்லை. மாஸ்டர் ரோட்டைத் தவிர எதையும் பார்க்காமல் ஓட்டினாள். ரெண்டாம் நாள் மலைப்பாதையில் ஏறும்போது, எல்லாருக்கும் உடம்பு அசந்து போயிருந்த நேரத்தில், முன்சீட்டிலிருந்து டீச்சர் சொன்னாள்:

"நான் தாள்ல எழுதினபடி போயிருந்தா அவளைப் பார்த்திருப்போம்."

டீச்சர் பின்சீட்டில் இருந்த மாத்திரை பக்கம் திரும்பினாள்.

"உனக்குக் குளிக்கணும்னு இருந்துச்சு. அதுக்காக…"

"வாயை மூடுடி" என்றாள் மாஸ்டர்.

"ஏன் மூடணும்? எனக்கும்தானே அவ சிநேகிதி?"

மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பாறையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. உள்ளே ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இந்த நாலு நாளாக மாத்திரை தனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் டீச்சர் வாய்விட்டுச் சொன்னாள்.

ஊர் வந்து சேர்ந்தபிறகு மாஸ்டர் மட்டும் வாரத்துக்கு ஒருதடவை கடைக்கு வந்து போனாள். டீச்சர் வரவில்லை. அவளுடைய பிரஷர் மாத்திரையைப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கடையில் வாங்குகிறாள் என்று மாஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது. மாத்திரை பழையபடி காலை எட்டுக்குத் திறந்தாள், ராத்திரி பத்துக்கு அடைத்தாள். யாராவது சீட்டை நீட்டி, இது எதுக்கு என்று கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். அதற்காகப் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தார்கள்.

நாலு மாசம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், வரிசையில் ஏழாவது ஆளாக டீச்சர் நின்றிருந்தாள். கையில் சீட்டு. மெலிந்திருந்தாள். மாத்திரை பார்த்தும் பார்க்காத மாதிரி ஒவ்வொருத்தராக அனுப்பினாள். டீச்சர் முறை வந்ததும் சீட்டை வாங்கினாள், அட்டையை எடுத்தாள், கத்தரித்தாள்.

"காலைல ஒண்ணு. சாப்பிட்டுட்டு."

"தெரியும்" என்றாள் டீச்சர். பிறகு, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"நீ சொன்னது பொய் இல்லையே."

"பொய் இல்லதான். ஆனா…" நாற்பது பிள்ளைகளை ஒரு முறைப்பில் அடக்குகிறவள், பின்னால் ஆட்கள் நிற்க, கடைப் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

மாத்திரை ஓரத்து மடிப்புப் பலகையைத் தூக்கி, அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். டானிக் பெட்டிகளை ஒதுக்கி ஸ்டூலில் உட்காரவைத்தாள். குடிக்கத் தண்ணி கொடுத்தாள். டீச்சர் அவள் முந்தானையை விடவில்லை. வெளியே ஒருத்தர், "அம்மா, குழந்தைக்கு ஜுரம்" என்று சீட்டை நீட்டினார். முந்தானை எட்டிய தூரத்தில் நின்றபடியே மாத்திரை கையை நீட்டி அந்தச் சீட்டை வாங்கினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குழந்தைக்கு எத்தனை வயசு?" என்று கேட்டாள்.