அவளைச் சேர்க்காத குழு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. கிடைத்தது என்பது பொய். கன்னத்தில் அறையாக விழுந்தது.

"வேலை போன எட்டாம் மாதம் அவள் வாழ்க்கை" என்று எழுதி அடித்துவிட்டேன். வாழ்க்கை என்று தொடங்கினால் வாசகர் கொட்டாவி விடுவார்.

2

அவள் மருந்துக் கம்பெனியில் தரம் பார்த்தவள். சீசா மூடியைத் திருகிப் பார்த்தே கசியுமா என்று சொல்லிவிடுவாள். கம்பெனி மூடியதும் நாற்பத்திரண்டு பேர் தெருவுக்கு வந்தோம். (ஆம், நானும். ஸ்டோர் என் பொறுப்பு.)

எட்டு மாதம் அலைந்தாள். போன இடமெல்லாம் "ஆள் எடுத்தாச்சும்மா." அவளிடம் வேலை பற்றிப் பேசியவர்கள் எல்லாருமே வேலை இல்லாதவர்கள்; ஒருவர் சொன்ன செய்தி மற்றவர் ஏற்கெனவே போய் ஏமாந்த செய்தி.

அன்றும் ஒரு தொழிற்சாலை வாசலில் அதே பதில். திரும்பும்போது, பழைய பேக்கிங் பெண் சிட்டு, புதுச் சீருடையில் எதிரே வந்தாள்.

"அக்கா, நீங்க எங்க இங்க?"

"வேலை கேட்டு வந்தேன்."

"உங்களுக்கா? போன வாரமே நம்ம பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல போட்டாங்களே! நாங்க ஒம்பது பேர் சேர்ந்துட்டோம்."

"எந்தக் குரூப்?"

சிட்டு போனை நீட்டினாள். நாற்பத்தொரு பெயர்கள். இவள் இரண்டு முறை மேலும் கீழும் தேடினாள்; தன் பெயர் இல்லை.

("தலையில் இடி விழுந்தது" என்று எழுதி அடித்தேன். அவள் கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அவ்வளவுதான்.)

3

குழுவைத் தொடங்கியவன் நான். இதைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுப் பார்த்தேன், இனி முடியாது.

நிறுத்தத்தில் என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, என் பேரு எப்படி விட்டுப்போச்சு?"

"விட்டுப்போகலம்மா. உன் வீட்டுக்காரர் நல்ல வேலையில இருக்காரு, கஷ்டப்படுறவங்க முதல்ல போகட்டும்னு..."

"அவருக்கு வேலை போய்ப் பதினோரு மாசமாச்சு."

போன வாரம்கூட ஸ்டேட்டஸில் இருவரும் புதுக் காரில் சாய்ந்து நிற்கும் படத்தைப் போட்டிருந்தாளே!

"அது பக்கத்து வீட்டுக் காரு. யாரும் பாவம் பாக்கக் கூடாதுன்னு போட்டேன். நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே."

4

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் மறுநாளே வேலை கிடைக்கிறது. இன்னொன்றில் அவள் என்னை— கிழித்துவிட்டேன்.

நடந்தது இது: அங்கேயே அவளைக் குழுவில் சேர்த்தேன். நின்றபடியே எழுதி அனுப்பினாள்: "எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை இல்லை."

எல்லாரும் படித்துவிட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை. நீங்களும் இப்போது படித்துவிட்டீர்கள். உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா?